வாசலிலேயே முடிவாகும் வைத்தியம்

2003-ம் ஆண்டு மார்ச் 7. கனடாவின் இரண்டு பெரிய நகரங்களில், ஒரே நாளில், இரண்டு பேர் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். இருவருக்கும் காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல். இருவரின் நோயும் ஹாங்காங்கின் ஒரே ஹோட்டலில் இருந்து கிளம்பி வந்ததுதான். வான்கூவருக்கு வந்தவர் அந்த ஹோட்டலிலேயே தங்கியவர். டொரண்டோவுக்கு வந்தவரின் தாயார் அங்கே தங்கிவிட்டு ஊர் திரும்பி, இரண்டு நாளுக்கு முன்புதான் வீட்டில் இறந்திருந்தார். அந்த நோய்க்கு அப்போது பெயர்கூட வைக்கப்படவில்லை. பிறகுதான் 'சார்ஸ்' என்றார்கள்.

வான்கூவர் நோயாளியை வந்த சில நிமிடங்களிலேயே கூட்டத்திலிருந்து பிரித்துத் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். பார்த்தவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். அவரிடமிருந்து நோய் அந்த மருத்துவமனைக்குள் பரவவில்லை.

டொரண்டோ நோயாளிக்கு வார்டில் படுக்கை கிடைக்கவில்லை. அவசரப் பிரிவிலேயே, திரைச்சீலை மட்டும் தடுப்பாக இருந்த இடத்தில், 16 மணி நேரத்துக்கும் மேல் படுத்திருந்தார். மூச்சு வாங்குகிறதே என்று நெபுலைசர் வேறு வைத்தார்கள். பக்கத்தில் வேறு நோய்களுக்காக வந்திருந்த இரண்டு பேருக்கு அங்கேயே தொற்றியது. அவர்கள் வீட்டுக்குப் போய், நோயோடு திரும்பி வந்து, அவர்கள் மூலம் இன்னும் பலருக்கு... முடிவில் ஒண்டாரியோ மாகாணத்தில் 375 பேருக்கு நோய், 44 மரணம். இறந்தவர்களில் இரண்டு செவிலியர்களும் ஒரு மருத்துவரும் உண்டு.

டொரண்டோ மருத்துவர்கள் திறமையில் குறைந்தவர்களா? இல்லை. வான்கூவரில் அதிசய மருந்து ஏதும் இருந்ததா? அதுவும் இல்லை. சீனாவிலிருந்து வரும் விநோதமான காய்ச்சலைப் பற்றி கவனமாக இருங்கள் என்று அந்த மாகாணத்தின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்கூட்டியே மருத்துவமனைகளுக்குச் சொல்லி வைத்திருந்தது. அதனால் வாசலில் நின்றவர்களுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கொள்ளைநோய் என்றதும் எல்லோரும் வெண்டிலேட்டர் எத்தனை, ஐ.சி.யூ. படுக்கை எத்தனை என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் மூச்சு வழியாகப் பரவும் நோயில் ஒரு மருத்துவமனை காப்பாற்றுமா, பரப்புமா என்பது பெரும்பாலும் அதன் வாசலிலேயே, நோயாளி வந்து நிற்கும் முதல் சில நிமிடங்களிலேயே முடிவாகிவிடுகிறது. பணமும் கவனமும் முதலில் போக வேண்டிய இடம் அந்த வாசல்.

காத்திருப்பதுதான் நோய்

இன்னொரு உதாரணம் தென் கொரியா. 2015 மே மாதம். மெர்ஸ் நோயாளி ஒருவர் சியோலில் உள்ள சாம்சங் மருத்துவ மையத்துக்கு வருகிறார். சின்ன ஆஸ்பத்திரி இல்லை, அந்த நாட்டின் மிகப் பெரிய, மிக நவீனமான மருத்துவமனைகளில் ஒன்று. மே 27 முதல் 29 வரை அவர் அவசரப் பிரிவில் இருந்தார். அவருக்கு மெர்ஸ் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்த ஒருவரிடமிருந்து 82 பேருக்கு நோய் பரவியது.

82 பேர் யார் யார் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். 33 பேர் மற்ற நோயாளிகள். 8 பேர் மருத்துவமனை ஊழியர்கள். மீதி 41 பேர் நோயாளியோடு கூட வந்தவர்கள், பார்க்க வந்தவர்கள்! அதாவது சரிபாதி பேர் எந்த வியாதியும் இல்லாமல் துணைக்கு வந்தவர்கள். அம்மாவுக்குத் துணையாக மகள், மாமனாருக்குத் துணையாக மருமகன் என்று குடும்பமே வந்து உட்காரும் வழக்கம் கொரியாவிலும் உண்டு, நம்மூர் மாதிரியே.

அந்த அவசரப் பிரிவில் அவ்வளவு கூட்டம் எப்படி வந்தது? நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும் என்று வந்தவர்கள் வார்டில் படுக்கை கிடைக்கும்வரை அவசரப் பிரிவிலேயே கிடந்தார்கள். இதுதான் கவனிக்க வேண்டிய இடம். அவசரப் பிரிவு நிரம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே வருகிறவர்கள் அதிகம் என்பது அல்ல, வெளியே போக வழி இல்லை என்பதுதான். மேலே வார்டில் படுக்கை காலியானால்தான் கீழே இருப்பவர் மேலே போக முடியும். வீட்டுக்குப் போகத் தகுதியானவரை நேரத்துக்கு அனுப்பினால்தான் மேலே படுக்கை காலியாகும். வடிகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் முற்றத்தில்தானே தேங்கும்? முற்றத்தைப் பெரிதாக்கி என்ன பயன்?

சாதாரண நாட்களில் இப்படிக் காத்திருப்பது வெறும் அவஸ்தை. கொள்ளைநோய்க் காலத்தில் அதுவே நோய் பரப்பும் இயந்திரம். டொரண்டோவில் 16 மணி நேரம், சியோலில் மூன்று நாள். இரண்டு ஊரிலும் கிருமிக்குக் கிடைத்த பெரிய உதவி இந்தக் காத்திருப்புதான்.

கொரியா இதை அனுபவத்தால் கற்றது. அந்த நாட்டில் மொத்தம் 186 பேருக்கு மெர்ஸ் வந்து 38 பேர் இறந்தார்கள். எந்த மருத்துவமனைகளில் நோய் பரவுகிறது என்பதை அரசு ஆரம்பத்தில் வெளியே சொல்லவில்லை. ஜூன் 7-ம் தேதிதான் பெயர்களை வெளியிட்டது. அதற்குள் மக்கள் தெரியாமல் அதே இடங்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அதன்பிறகு பெரிய அவசரப் பிரிவுகளில் தனிமை அறைகள், நுழையும் முன்பே காய்ச்சல்காரரைப் பிரிப்பது, துணைக்கு வருபவர்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு என்றெல்லாம் விதிகள் வந்தன. 2020-ல் கோவிட் வந்தபோது காரில் உட்கார்ந்தபடியே பரிசோதனை செய்துகொள்ளும் மையங்களை அவர்கள் சீக்கிரமே திறந்தார்கள். சந்தேகம் உள்ளவரை ஆஸ்பத்திரிக்குள் விடாமலேயே பார்த்து அனுப்புவது என்கிற ஒரே யோசனைதான் அதன் பின்னால் இருந்தது.

சென்னை வாசல்

2021 மே மாதத்தைத் தமிழகத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. உள்ளே படுக்கை இல்லை. வண்டிக்குள்ளேயே ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டு நோயாளிகள் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் ஒன்றை மட்டும்தான் பார்த்தார்கள்: படுக்கைப் பற்றாக்குறை.

இன்னொன்றும் அந்தப் படத்தில் இருந்தது. ஒரு ஆம்புலன்ஸ் நான்கு மணி நேரம் வாசலில் நின்றால், அந்த நான்கு மணி நேரமும் வேறு ஒரு தெருவில் யாருக்கோ ஆம்புலன்ஸ் இல்லை. வாசல் அடைத்தால் ஊரே அடைத்துக்கொள்ளும். அதோடு, வரிசையில் நின்ற எல்லோருக்கும் பெரிய ஆஸ்பத்திரி தேவையா என்பதும் ஒரு கேள்வி. ரத்தத்தில் ஆக்ஸிஜன் 96 இருந்தவரும் 80 இருந்தவரும் ஒரே வரிசையில் நின்றால் அது நியாயமான வரிசை போலத் தோன்றும். ஆனால் முதலில் வந்தவருக்கு முதலில் என்பது ரேஷன் கடைக்குச் சரி, எமர்ஜென்சிக்குச் சரியில்லை.

அப்போது எடுத்த நடவடிக்கைகளைப் பார்த்தால் அவை எல்லாம் வாசலைச் சரிசெய்யும் நடவடிக்கைகள்தான். அந்த மருத்துவமனையில் 'ஜீரோ டிலே வார்டு' என்று ஒன்றைத் திறந்தார்கள். வந்தவரை வண்டியில் காக்க வைக்காமல் நேராக அங்கே படுக்க வைத்து, ஆக்ஸிஜன் கொடுத்து, பிறகு எந்த வார்டு என்று முடிவு செய்வது. லேசான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாநகராட்சியின் ஸ்கிரீனிங் மையங்கள் தனியாக இருந்தன. அவர்களை ஏற்றிச் செல்ல கார் ஆம்புலன்ஸ்கள் வந்தன, அதனால் பெரிய ஆம்புலன்ஸ்கள் கடுமையான நோயாளிகளுக்கு மிச்சமாகின. இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. இவ்வளவு எளிமையான விஷயங்களை அலை உச்சத்தில் இருக்கும்போது யோசிக்க வேண்டி வந்ததுதான் வருத்தம். முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவில் பல மாதங்கள் இருந்தன.

இதில் விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் செய்த வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோவிட்டில் ஆக்ஸிஜன் அளவு விழுந்த பிறகும் சிலர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்து மட்டும் தரம் பிரிக்க முடியாத நோய் அது. இந்தியாவில் 2021-ல் பின்பற்றிய வழிகாட்டுதல்படி 94-ம் அதற்கு மேலும் இருந்து மூச்சுத் திணறலும் இல்லை என்றால் லேசானது, 90 முதல் 93 வரை நடுத்தரம், 90-க்குக் கீழே கடுமை. ஒரு எண்ணை வைத்து, சில நொடிகளில், படித்த மருத்துவர் ஒருவரைக் கட்டிப்போடாமல், ஒரு செவிலியரே வாசலில் நோயாளிகளைப் பிரிக்க முடிந்தது. வெண்டிலேட்டருக்குக் கிடைத்த விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தச் சின்னக் கருவிக்குக் கிடைக்கவில்லை.

ரிசல்ட் எங்கே?

வாசலில் தரம் பிரிப்பது வேறு. வாசலை அடைத்துக்கொள்வது வேறு. இந்த இரண்டையும் பல இடங்களில் குழப்பிக்கொண்டார்கள்.

2020-ல் நாடு முழுக்க ஒரு வழக்கம் கிளம்பியது. பிரசவ வலியோடு வந்தாலும் சரி, டயாலிசிஸுக்கு வந்தாலும் சரி, நெஞ்சு வலி என்று வந்தாலும் சரி, முதலில் கோவிட் ரிசல்ட் கொண்டு வா. ரிசல்ட் வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அதுவரை நோயாளி எங்கே போவார்? இன்னொரு ஆஸ்பத்திரிக்கு. அங்கேயும் இதே கேள்வி. இது எவ்வளவு முற்றியது என்றால், 2020 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, டயாலிசிஸ் போன்ற அத்தியாவசிய சிகிச்சைகள் மறுக்கப்படக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. கோவிட் நோயாளிகளுக்கே நிலைமை இதுதான். கோவிட் மையத்தில் சேர்வதற்குப் பாசிடிவ் ரிசல்ட் கட்டாயமில்லை, சந்தேகம் இருந்தாலே சேர்க்கலாம் என்ற உத்தரவு 2021 மே 8-ம் தேதிதான் வந்தது.

ரிசல்ட் கேட்டவர்கள் எல்லோரும் கல் நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்குப் பயம் இருந்தது. பாதுகாப்பு உடை போதவில்லை. ஒரு மருத்துவருக்கு வந்தால் முழு யூனிட்டையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். உலகம் முழுக்க 2003-ல் சார்ஸ் வந்த 8,096 பேரில் ஐந்தில் ஒருவர் மருத்துவமனை ஊழியர். அந்தப் பயம் நியாயமானதுதான்.

ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து ரிசல்ட் அல்ல. சரியான முகக்கவசமும் காற்றோட்டமான இடமும்தான். நோயாளி யாராக இருந்தாலும் அவருக்குத் தொற்று இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டு, அதற்கேற்ற பாதுகாப்போடு, உடனே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். பரிசோதனை அதன்பாட்டுக்கு நடக்கட்டும். ரிசல்ட் எந்த வார்டு என்பதை முடிவு செய்யலாம். உயிரைக் காப்பாற்றலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்யக் கூடாது. மேலும் நெகடிவ் ரிசல்ட் என்பது முழு உத்தரவாதமும் இல்லை. தொற்றிய முதல் சில நாட்களில் பரிசோதனையில் தெரியாமலே போகலாம். அந்தக் காகிதத்தை நம்பி முகக்கவசத்தைக் கழற்றுவது, காகிதம் இல்லை என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவது, இரண்டுமே ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

வராமல் போனவர்கள்

கூட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் வராதவர்களை மறந்துவிடுவோம். அமெரிக்காவில் 2020 மார்ச் 29 முதல் ஏப்ரல் 25 வரையிலான நான்கு வாரங்களில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் குறைந்தது. கொள்ளைநோய் அறிவிக்கப்பட்ட பிறகான முதல் பத்து வாரங்களில் மாரடைப்புக்காக வந்தவர்கள் 23 சதவீதமும், பக்கவாதத்துக்காக வந்தவர்கள் 20 சதவீதமும் குறைந்தார்கள். மாரடைப்பு ஊரடங்கைக் கண்டு நின்றுவிடுமா என்ன? பலர் ஆஸ்பத்திரிக்குப் போனால் கோவிட் வந்துவிடும் என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

அவசரப் பிரிவின் வாசல் பயமுறுத்தினால் அதற்கும் ஒரு சாவுக் கணக்கு உண்டு. அது கொள்ளைநோய்க் கணக்கில் வராது, அவ்வளவுதான். அதனால் இரண்டு வாசல் வேண்டும். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறலுக்கு ஒன்று. விபத்து, நெஞ்சு வலி, பக்கவாதம், பிரசவத்துக்கு இன்னொன்று. இரண்டுக்கும் ஊழியர்கள் தனித்தனி. முக்கியமாக, இப்படி இரண்டு வாசல் இருக்கிறது என்று ஊருக்கே தெரிய வேண்டும். நெஞ்சு வலி வந்தால் இந்தப் பக்கம் வாருங்கள், இங்கே காய்ச்சல்காரர்கள் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சிங்கப்பூர் 2003-ல் இதையே நாட்டளவில் செய்தது. மார்ச் 22 முதல் சார்ஸ் நோயாளிகளுக்கென்று டான் டொக் செங் மருத்துவமனையை ஒதுக்கியது.

மூச்சுத் திணறலோடு வருபவருக்கு மாரடைப்பாகவும் இருக்கலாமே, அவர் எந்த வாசல்? நியாயமான கேள்வி. பிரிப்பது நூறு சதவீதம் சரியாக நடக்காது. அதனால்தான் காய்ச்சல் வாசலிலும் ஒரு இ.சி.ஜி. இயந்திரம் இருக்க வேண்டும், அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். பிரிப்பது என்பது ஒருமுறை முத்திரை குத்துவது இல்லை. அரை மணிக்கொருமுறை திரும்பிப் பார்ப்பதும் சேர்ந்ததுதான்.

கூட வந்தவர்

மிகக் கஷ்டமான விஷயம் இதுதான். சியோல் கணக்கைப் பார்த்தபிறகு துணைக்கு வருபவர்களை உள்ளே விடலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தமிழகத்து அரசு மருத்துவமனையில் கூட வந்தவர் வெறும் பார்வையாளர் இல்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது அவர். ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போவது அவர். கஞ்சி ஊட்டுவது, பாத்ரூமுக்குக் கூட்டிப் போவது, சிலிண்டர் தீர்ந்துபோகிறது சிஸ்டர் என்று ஓடிப்போய்ச் சொல்வது எல்லாமே அவர்தான். அவரை வெளியே நிறுத்தினால் அந்த வேலைகளை யார் செய்வது என்று யோசிக்காமல் போடப்படும் தடை காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். உறவினர்கள் எப்படியாவது உள்ளே வந்துவிடுவார்கள். வராமல் இருந்தால் அவர்களுடைய அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது.

ஆகவே தடை போடும் அரசு முதலில் அந்த வேலைகளுக்கு ஆள் போட வேண்டும். பல்நோக்குப் பணியாளர்களும் செவிலியர்களும் வேண்டும், அதுவும் அலை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்படும் ஒப்பந்தக்காரர்களாக இல்லாமல். இரண்டாவது, வெளியே நிற்கும் குடும்பத்துக்குத் தகவல். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, குறிப்பிட்ட நேரத்தில், ஒரு ஆள் போன் செய்து "சாப்பிட்டார், ஆக்ஸிஜன் 92 இருக்கு" என்று சொன்னால் போதும். மூன்றாவது, பிழைக்க மாட்டார் என்று தெரிந்துவிட்டால் ஒருவரை, ஒரே ஒருவரை, முழுப் பாதுகாப்பு உடையோடு பக்கத்தில் விட வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவை வழியனுப்பியவர்களின் வலி எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை என்பதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது.

ஜன்னலைத் திறங்கள்

இவ்வளவுக்கும் பணம் எங்கே என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் கோடிகள் தேவையில்லை. காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்மறை அழுத்த அறை ஒன்று கட்டுவதற்குச் செலவு அதிகம், பராமரிப்பு அதைவிட அதிகம். ஆனால் இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த, உயரமான கூரையுள்ள, வராந்தாவோடு கூடிய வார்டு, காற்று நன்றாக வீசும் நாட்களில், கிருமியை வெளியேற்றுவதில் அதற்குச் சளைத்தது இல்லை. 1928-ல் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் காலத்திலேயே இந்த ஞானம் இருந்தது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. காற்றையும் வெளிச்சத்தையும் நம்பித்தான் ஆஸ்பத்திரி கட்டினார்கள். பிறகு வந்தவர்கள்தான் ஜன்னலை அடைத்து ஏ.சி. மாட்டினார்கள். காய்ச்சல்காரர்கள் காத்திருக்கும் இடத்தை மூடிய அறையில் வைக்காமல் வெளியே பந்தல் போட்டு, மின்விசிறி வைத்து, நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போடுவதற்கு எவ்வளவு செலவாகும்? கல்யாணத்துக்குப் பந்தல் போடத் தெரிந்த ஊர்தானே இது!

பணம் தேவைப்படும் விஷயம் ஒன்று உண்டு. அது காலியான படுக்கை. நூறு படுக்கையில் நூறும் நிரம்பியிருந்தால் நிர்வாகம் திறமையானது என்று கணக்கர்கள் சொல்வார்கள். அவசரப் பிரிவைப் பொறுத்தவரை அது திறமை இல்லை, அபாயம். தீயணைப்பு வண்டி சும்மா நிற்கிறது என்று யாரும் அதில் காய்கறி ஏற்றுவதில்லை. மருத்துவமனையிலும் எப்போதும் சில படுக்கைகள், சில கைகள் சும்மா இருந்தாக வேண்டும். டொரண்டோவில் அன்றைக்கு வார்டில் ஒரே ஒரு தனி அறை காலியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்தால் அந்தக் 'காலி'யின் விலை புரியும்.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும், எந்தக் கிருமியால் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முதல் நோயாளி எங்கே வருவார் என்பது தெரியும். ஏதோ ஒரு ஊரின் ஜி.எச். கேஷுவாலிட்டிக்கு, ராத்திரி நேரத்தில், பயிற்சி மருத்துவர் ஒருவரும் செவிலியர் ஒருவரும் மட்டும் டியூட்டியில் இருக்கும்போது வருவார். அந்த இரண்டு பேருக்கு நான்கு விஷயங்கள் கிடைத்திருக்க வேண்டும்: என்ன கேட்க வேண்டும் என்ற பயிற்சி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு என்-95 முகக்கவசம், நோயாளியை உடனே கொண்டுபோய்ப் படுக்க வைக்க ஒரு தனி இடம், சந்தேகம் வந்தால் நடு ராத்திரியிலும் எடுக்கப்படும் ஒரு போன் நம்பர்.

இந்த நான்கையும் மாவட்டத்துக்கு மாவட்டம் உறுதி செய்ய ஒரு கொள்ளைநோய் வர வேண்டிய அவசியம் இல்லை. நோய் இல்லாத ஒரு சாதாரண மாதம் போதும்.